மாத்திரை அட்டையோடு வாருங்கள்: மருந்தியல் கேள்வி-பதில்

கோபி வாசகர்: மெத்தும் எம்.டி.எம்.ஏ.வும் ஒன்றா?

இல்லை, பங்காளிகள். இரண்டும் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தின் வழிவந்த போதைப்பொருள்கள்; எம்.டி.எம்.ஏ.வை எக்ஸ்டசி என்றும் சொல்வார்கள். ஆம்ஃபெட்டமினின் நைட்ரஜனில் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் ஒட்டினால் மெத். அதன் வளையத்தில் மெத்திலீன்டைஆக்ஸி என்ற இன்னொரு கூட்டமும் சேர்ந்தால் எம்.டி.எம்.ஏ. மூளையில் செய்தி கடத்தும் பொருள்களில், முன்னது பெரும்பாலும் டோபமைனைக் கொட்டும், பின்னது செரடோனினை.

பெருந்துறை வாசகர்: எடை குறைக்கத்தானே 1912இல் எம்.டி.எம்.ஏ.வைத் தயாரித்தார்கள்?

இல்லை. மெர்க் நிறுவனம் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தைத் தேடியபோது வழியில் கிடைத்த பொருள் அது.

திருப்பூர் மாணவர்: சுத்தமான எம்.டி.எம்.ஏ. சரக்கு, பாதி மாத்திரைதான். பயமில்லையே?

எத்தனை மில்லிகிராமில் பாதி? அதை எழுதவில்லை, உங்களுக்கும் தெரியாது. சுத்தம் என்பது அளவைச் சொல்லாது. எம்.டி.எம்.ஏ. தன்னை உடைக்கும் கல்லீரல் நொதியையே முடக்கிவிடும். அதனால் இரண்டாவது பாதியைப் போட்டால் ரத்தத்தில் அளவு நினைத்ததைவிட அதிகமாக ஏறும். ரத்தத்தில் உள்ளதில் பாதி வெளியேறவே சுமார் 8 மணி நேரமாகும். உடல் கொதிக்கும், அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சோடியம் இறங்கி வலிப்பு வரும். மனச்சோர்வு மாத்திரையோ டிராமடால் என்ற வலி மருந்தோ எடுப்பவருக்கு இன்னும் ஆபத்து. யாராவது உடல் சுட்டுப் பிதற்றினால் உடனே 108. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். விடமுடியாமல் தவிப்பவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசலாம்.

பவானியிலிருந்து ஒரு தாய்: கவனக்குறைவுக் கோளாறுக்காக (ஏ.டி.எச்.டி.) மகனுக்கு மீத்தைல்ஃபெனிடேட் தருகிறேன். அது போதை மருந்து என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை அம்மா. இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. போன ஆவணியில் ஈரோட்டில் ஒரு தாய் அட்டையைக் காட்டினார். பத்தில் ஏழு அப்படியே இருந்தது. பையனின் கணக்கு நோட்டில் முதல் இரண்டு வரிக்கு மேல் பேனா போகவில்லை.

மீத்தைல்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமின் குடும்பத்துக்குச் சொந்தம்தான். ஆனால் ஆம்ஃபெட்டமின் டோபமைனை நரம்பிலிருந்து வெளியே தள்ளும். இது வெளிவந்த டோபமைனைத் திரும்ப உள்ளே போகவிடாமல் கதவை அடைக்கும், அவ்வளவுதான். மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாகத் தந்தால் மெதுவாகத்தான் ஏறும். போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருப்பதால்தான் சீட்டில்லாமல் கடையில் தரமாட்டார்கள். பட்டியலில் உள்ளதெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பு கூடும். எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்துவதோ தொடர்வதோ எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசித்தான். சொந்தக்காரர் மருந்தியல் படித்தவர் இல்லை. இந்த வாரமே அட்டையோடு போங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், அண்ணன் தம்பிக்குப் பங்கு போடாதீர்கள்.

சங்ககிரி லாரி ஓட்டுநர்: சளி மாத்திரை போட்டேன். சிறுநீர்ச் சோதனையில் ஆம்ஃபெட்டமின் என்று வந்துவிட்டதுங்க.

நடக்கக்கூடியதுதான், தம்பி. சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரினுக்கும் ஆம்ஃபெட்டமினைப் போன்ற உருவம் என்பதால் பட்டைச் சோதனை (ஸ்டிரிப்) ஏமாறும். எல்லாச் சளி மாத்திரைக்கும் இப்படி ஆகாது, பெயரை நீங்களும் எழுதவில்லை. மூலக்கூறின் எடையைப் பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மறுசோதனை செய்யும்படி எழுதிக் கேளுங்கள், அது இரண்டையும் பிரித்துக் காட்டும். கிழித்த அட்டையை எறிந்துவிடாதீர்கள்.