சுவர்க்கோழிய ஹை-ஹேட்டா போடலாமா?

கேள்வி: அண்ணா, நான் லேப்டாப்ல எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணிட்டிருக்கேன். ராத்திரி சுவர்க்கோழி கத்துறத போன்ல எடுத்து ஹை-ஹேட் (டிரம்ஸ்ல 'ட்ஸ்'னு வர்ற ஜோடித் தட்டு) மாதிரி போடலாம்னு பாத்தா, ஒரே உஸ்ஸுனு வருது, பாதில பூச்சி சத்தமே காணோம். நல்ல மைக் வாங்கணுமா? – வாசகர், தேனி

பதில்: காச இப்போதைக்கு வச்சுக்கோங்க தம்பி, மொதல்ல ஆப்ப மாத்துங்க. போன்ல கூடவே வர்ற வாய்ஸ் ரெக்கார்டர் பெரும்பாலும் மனுஷக் குரலுக்காக செஞ்சது, விடாம ஒரே மாதிரி வர்ற சத்தம் எதுவானாலும் ஃபேன் சத்தம்னு நெனச்சு அமுக்கிடும், சுவர்க்கோழியும் அப்படித்தானே விடாம கத்தும், அதான் காணாம போகுது. நாய்ஸ் ரிடக்‌ஷன ஆஃப் பண்ண விடுற, வேவ் ஃபைலா (சத்தத்த சுருக்காம) சேவ் பண்ற ஆப் போட்டுக்கோங்க.

அடுத்து, கிட்ட போகணும். எங்க வீட்டு துவைக்கிற கல்லுக்கு அடில ஒண்ணு இருக்கு, காலடி பட்டாலே வாய மூடிக்கும் (வாயே இல்ல அது, ரெக்கை). போன ஒரு ஜாண் தள்ளி வச்சுட்டு நான் உள்ள சாப்பிடப் போயிட்டேன். அப்புறம் போட்டு கேட்டா என் செருப்பு சத்தம் தேஞ்சு போகுது, கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் ஒரே ஒரு 'கிரி'. சிலிர்த்துப் போச்சு எனக்கு. ஸ்கிரீன்ல பெருசு பண்ணி பாத்தா அந்த ஒரு கிரிக்குள்ள மூணு குட்டி மேடு. ஒரு முன் ரெக்கைல அரம் மாதிரி பல் வரிசை இருக்கும், இன்னொண்ணோட ஓரம் அதுல உரசும், ரெக்கை ஒருதடவ மூடுனா ஒரு மேடு. அதுல ஒண்ண மட்டும் வெட்டி எடுங்க, அதான் உங்க ஹை-ஹேட்.

மிச்சம் இருக்கிற உஸ்ஸுக்கு ஈக்யூ (சத்தத்துல வேண்டிய உயரத்த மட்டும் கூட்டிக் குறைக்கிறது) போதும். வயல்ல, வீட்டோரமா கத்துறது பெரும்பாலும் 4, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிக்கும், அதனால 2 கிலோஹெர்ட்ஸுக்கு கீழ எல்லாத்தையும் வெட்டிடுங்க, பஸ்ஸு மோட்டார் இரைச்சல் எல்லாம் பெரும்பாலும் அதோட போயிடும்.

பிட்ச் (சுருதி) இறக்குறதா இருந்தா மட்டும் நல்ல ரெக்கார்டர் வேணும். சாம்பிள் ரேட்ட (செகண்டுக்கு எத்தன தடவ சத்தத்த அளக்குதுங்கிறது) 44.1 கிலோஹெர்ட்ஸ்ல வச்சு எடுத்தா அதுல பாதி, 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பதிவாகும், ரெண்டு ஆக்டேவ் (ஒரு ஆக்டேவ் இறக்குனா பாதியாகும்) இறக்குனா அது அஞ்சரைக்கு வந்துடும், சத்தம் மந்தமாயிடும். 96 கிலோஹெர்ட்ஸ்ல எடுங்க, மைக்கும் அந்த உயரத்துக்கு எட்டணும். தேனீன்னா அந்த கவலையே இல்ல, ரெக்கை செகண்டுக்கு 200 தடவைக்கு மேல அடிக்கும், ரெண்டு ஆக்டேவ் இறக்குனா அருமையான பேஸ். 1986லயே கிரேம் ரெவெல்னு ஒருத்தர் பூச்சி சத்தத்த ஃபேர்லைட் சாம்ப்ளர்ல (சத்தத்த பதிஞ்சு கீபோர்டுல வாசிக்கிற கருவி) ஏத்தி முழு ஆல்பமே பண்ணிருக்காரு, இன்னிக்கு உங்க லேப்டாப் அதவிட எவ்வளவோ மேல.

டெம்போவுக்கு, அதாவது பாட்டோட வேகத்துக்கு வர்றேன். சுவர்க்கோழி வெயில் காலத்துல வேகமா கத்தும், குளிர்ல மெதுவா. அதோட உடம்புச்சூடு வெளிச்சூட்டோட சேந்து மாறுறதால அப்படி, இத வச்சே சூட்ட கணக்கு போடலாம்னு ஆமோஸ் டோல்பேர்னு ஒரு அமெரிக்கர் 1897ல ஃபார்முலா எழுதினாரு. அதனால எட்டு மணிக்கு எடுத்ததயும் விடியக்காலைல எடுத்ததயும் ஒரே பாட்டுல ஒட்டாதீங்க, கிரிட்ல (ஸ்கிரீன்ல தாளம் காட்டுற கட்டங்கள்ல) இழுத்து நேராக்கவும் செய்யாதீங்க, ப்ராஜெக்ட் டெம்போவ அதுக்கு ஏத்த மாதிரி வைங்க. பிடிச்சு டப்பால மட்டும் அடைச்சுடாதீங்க தம்பி, அது கத்துறது பொண்ணு தேடி, வெளில இருக்கட்டும்.