ஐடஹோவில் விழுந்த ஓட்டு

கேள்வி: 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். இதுவா ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஜனநாயகம்? கையில் பணமும், டிவி விவாதத்தில் வாயும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அங்கே அதிபராகிவிடலாம் போலிருக்கிறதே?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: பணத்தை முதலில் முடித்துவிடுவோம். 2020-இல் மைக்கேல் ப்ளூம்பெர்க் சுமார் 100 கோடி டாலரைச் சொந்தப் பையிலிருந்து இறக்கி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் பார்த்தார். அவர் ஜெயித்தது ஒரே ஒரு இடத்தில், பசிபிக் கடலில் இருக்கிற அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுக்கூட்டத்தில். அங்கே வசிப்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டே கிடையாது என்பது கூடுதல் தமாஷ்.

ஹிலாரி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் 2016-க்குக் கோபப்படுகிறீர்கள், சரி, ஆனால் அவர் அதே மாதிரி எட்டு வருஷம் முன்னால் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு அடி வாங்கினாரே, அதை யாரும் கேட்பதில்லை. 2008 பிப்ரவரி 5, ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற உட்கட்சித் தேர்தல். நியூ ஜெர்சியில் ஒபாமாவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் ஹிலாரி தோற்கடித்தார். அதில் அவருக்குக் கிடைத்த லாபம் 11 டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள்). அதே நாள் ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தில், மொத்தமே இருபதாயிரத்துச் சொச்சம் கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவைக் காட்டிய காகஸ் கூட்டங்களில், ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. லாபம் 12! நியூ ஜெர்சியில் லட்சம் ஓட்டில் சம்பாதித்தது ஐடஹோவில் பதின்மூவாயிரம் ஓட்டில் போயிற்று.

மாயமெல்லாம் இல்லை. ஜனநாயகக் கட்சி டெலிகேட்டுகளை வாங்கிய ஓட்டின் விகிதப்படி பங்கு போடுகிறது, பதினைந்து சதவீதம் தாண்டினால் தோற்றவருக்கும் பங்கு உண்டு. அதனால் பெரிய மாநிலத்தில் நூலிழையில் ஜெயித்தால் தலைப்புச் செய்தி கிடைக்கும், கணக்கில் ஒன்றும் பெரிதாக ஏறாது. ஐடஹோ 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு அதிபர் தேர்தலில் விழுந்ததே இல்லை, அங்கே போய் என்ன கிழிக்கப் போகிறோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒபாமா மூன்று நாள் முன்னால் தலைநகர் போய்ஸிக்கு நேரிலேயே போய்க் கூட்டம் போட்டார்.

குடியரசுக் கட்சியில் கதை வேறு. 2016-இல் சவுத் கரோலைனாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கும் கொஞ்சம் குறைவு. போட்டியாளர்கள் ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு இருபத்திரண்டு சதவீதம் வாங்கி ஒருவரையொருவர் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த மாநிலத்தின் 50 டெலிகேட்டும் டிரம்புக்கே போனது, மிச்சப் பேருக்குச் சுழி. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைப் பார்த்து ஏதோ கற்றுக்கொண்டார்கள் போல: 2020-இல் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று துவண்டு கிடந்த பைடன், சவுத் கரோலைனாவில் எழுந்து நின்ற கையோடு சக போட்டியாளர்கள் பட்டிஜெஜ்ஜும் குளோபச்சாரும் விலகி அவருக்கு ஆதரவு சொல்லிவிட்டார்கள். மூன்றே நாளில் ஆட்டம் மாறிவிட்டது.

இந்த வடிகட்டியில் தப்பி வருகிறவர்தான் பொதுத் தேர்தலுக்கு நிற்கிறார், அங்கே வேறு தலைவலி. கட்சிக்காரர்கள் கைதட்ட நேற்றுப் பேசியது இன்று எதிராளியின் விளம்பரத்தில் ஓடும். கமலா ஹாரிஸ் 2019-இல், பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிற ஃபிராக்கிங்கைத் தடை செய்வேன் என்றார். 2024-இல் தடை செய்யமாட்டேன் என்றார். ஏன்? அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்த எலெக்டர்கள்தான், அந்தத் தொழில் நடக்கிற பென்சில்வேனியாவில் 19 எலெக்டர் ஓட்டு. வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பேசிய 2019 போட்டியில் அவர் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே விலகிவிட்டார். 2024-இல் பைடன் ஜூலையில் ஒதுங்கியதால் உட்கட்சிப் போட்டியையே பார்க்காமல் வேட்பாளரானார். பேச்சின் பலன் சுழி, பழி மட்டும் முழுசாக. (அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை போட்டார்கள், பாவம், பென்சில்வேனியாவுக்கு அது எட்டவில்லை.)

இப்போது உங்கள் 28 லட்சம். 2016-இல் கலிபோர்னியாவில் மட்டும் ஹிலாரிக்கு 42 லட்சம் ஓட்டு வித்தியாசம். அங்கே ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அதே 55 எலெக்டர்தான், மீதியெல்லாம் நிரம்பிய குடத்தில் ஊற்றிய தண்ணீர். மெயினும் நெப்ராஸ்காவும் தவிர எல்லா மாநிலமும் ஜெயித்தவருக்கே மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கின்றன. 538-இல் 270 வேண்டும், அது ஐந்தாறு இழுபறி மாநிலங்களில்தான் முடிவாகும். எனக்கும் இந்த முறை பிடிக்காது. ஆனால் இது தேர்தல் முடிந்த ராத்திரி போட்ட விதியா என்ன? இருநூறு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, 2000-இல் அல் கோர் அதிக ஓட்டு வாங்கியும் கண்ணெதிரே தோற்றுக் காட்டியது வேறு.

வேட்பாளரான பிறகு பிரசாரத்துக்கு ஹிலாரி ஒரு தடவைகூடப் போகாத மாநிலம் விஸ்கான்சின். அது எப்படியும் நம்முடையது என்று நினைத்துவிட்டார்கள். அங்கே அவர் தோற்றது 22,748 ஓட்டில்.