சாப்பிடும் கோழி உயிரோடு இருந்ததுதான் என்று பிள்ளையிடம் எந்த வயதில் சொல்லலாம்?

சொன்னால் பிள்ளை சாப்பிடுவதையே விட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. நானும் பயந்தவன்தான். என் மகள் சாப்பாட்டை விடவில்லை. திட்டு வாங்கியது நான்தான்.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அதுவரை சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். பெரும்பாலும் உயிரோடு லாரியில் வரும், இங்கே அறுப்பார்கள். செய்தியில் கூண்டு கூண்டாகக் காட்டினார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது. "கோழி ஏம்ப்பா லாரியில வருது? நம்ம கோழி ஃபிரிட்ஜுலதானே இருக்கு?" என்றாள். கையில் தக்காளி சாஸில் முக்கிய கோழி நகெட்.

மழுப்பியிருக்கலாம். ஆனால் என் அப்பா செம்பவாங் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், வளர்ந்தவர். காலையில் அவர் தவிடு போட்ட கோழி மத்தியானம் பாட்டியின் குழம்பில் கிடக்கும். யாரும் அவரை உட்காரவைத்து விளக்கவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க முடியுமா? நாம் சொன்னால்தான் உண்டு. "அதுதாம்மா இது. அறுத்து, சுத்தம் பண்ணி நமக்கு வருது" என்றேன். நகெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப கால் எங்கே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஒரு தட்டு நிறையக் கோழிக்கால், நகம் வெட்டி, தோல் உரித்து வெளுப்பாக. ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான், அழவில்லை. ஆட்டுக்கறிக் கடை பாய், "இது ஆஸ்திரேலியா ஆடும்மா" என்றதும், "அதுவும் லாரியிலயா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தாள்.

திங்கட்கிழமை பாலர் பள்ளியிலிருந்து போன். மதியச் சாப்பாட்டில் பக்கத்துப் பிள்ளையிடம், "இது செத்துப்போன கோழி" என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டதாம். வீட்டில் அத்தை, "பச்சப்புள்ள மனசை ஏன் மாப்பிள்ளை கெடுக்குறீங்க?" என்றார். மனைவி எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். சுவரில் சிரிக்கும் கோழிப் படம், தட்டில் கோழி: பள்ளிக்கு இது உறுத்தவில்லை, என் மகள் சொன்னதுதான் உறுத்தியது!

சைவக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. நான் குழந்தை மருத்துவரும் இல்லை. பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்றால் சந்தைக்குக் கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

  

மகள் இப்போது தக்காளி சாஸை விட்டு சம்பாலுக்கு வந்துவிட்டாள். கோழியை எலும்புவரை கடித்துத் தின்கிறாள். மீன்தலைக் கறியைத்தான் தொடுவதில்லை, கண் அவளையே பார்க்கிறதாம். கன்னச் சதைக்கு எனக்குப் போட்டியில்லை.