“காரைப் பார்க்கலாமா?” என்று போலீஸ் கேட்டால் தலையாட்டாதீர்கள்

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். போன மாதம் டர்ன்பைக் என்னும் சுங்க நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக ஸ்டேட் போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்தார்கள். கொடுத்து முடித்த பிறகு, “காரைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று ஆபீசர் கேட்டார். பயத்தில் தலையாட்டிவிட்டேன். டிக்கி, சூட்கேஸ், மனைவியின் கைப்பை எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை, விட்டுவிட்டார். அரசியல் சாசன உரிமையெல்லாம் சிட்டிசனுக்குத்தான் என்கிறார் நண்பர். நான் மறுத்திருக்கலாமா? மறுத்தால் அடுத்த முறை பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் செய்யும்போது பிரச்சினை வருமா?

பதில்: மறுத்திருக்கலாம். மறுத்ததற்காக ஸ்டாம்பிங்கில் எந்தப் பிரச்சினையும் வராது. விசா விண்ணப்பத்தில் ‘எப்போதாவது கைதானது உண்டா’ என்று கேட்பார்கள். ‘காரைச் சோதிக்க விடாமல் தடுத்தது உண்டா’ என்று கேட்பதில்லை. உங்களைக் கைது செய்யவும் இல்லை.

நண்பர் சொன்னது தவறு. 1886-லேயே இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த யிக் வோ என்ற சீனர் வழக்கு அது. அவர் அமெரிக்கக் குடிமகன் அல்ல. சாசனம் ‘எந்த நபரும்’ என்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணமில்லாத சோதனையைத் தடுக்கும் நான்காவது திருத்தமும் இங்கே முறையாகக் குடியிருக்கும் உங்களுக்குப் பொருந்தும். ஓட்டுப் போடுவது போன்ற சில உரிமைகள்தான் சிட்டிசனுக்கு மட்டும்.

இப்போது அந்தத் தலையாட்டலுக்கு வருகிறேன். இந்த ஊர் போலீஸ் கையில் இருக்கும் மலிவான ஆயுதம் உங்கள் சம்மதம். நீங்கள் ‘சரி’ என்றுவிட்டால் வாரண்ட்டும் வேண்டாம், காரணமும் வேண்டாம். வாயால் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. சைகையையும் நீதிமன்றங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. நம் ஆட்களின் தலையாட்டல் ஆமாம், இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எதையும் குறிக்கும். ஆபீசரின் அறிக்கையில் அது ‘சம்மதம்’ என்ற ஒரே வார்த்தையாகத்தான் பதிவாகும். ஆகவே தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து, “நோ ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதையும் மீறிச் சோதித்தால் கையால் தடுக்காதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். அவரிடம் வேறு காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; அதைத் தீர்மானிக்கும் இடம் கோர்ட், சாலையோரம் அல்ல.

‘மறுக்கும் உரிமை உண்டு என்று அவர்தானே சொல்லியிருக்க வேண்டும்?’ என்று கேட்பீர்கள். சொல்லத் தேவையில்லை என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. டிக்கெட் கொடுத்த பிறகு ‘நீங்கள் போகலாம்’ என்று சொல்லவும் அவசியமில்லை என்று 1996-ல் இன்னொரு தீர்ப்பு. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல்கிறது, ஜன்னலருகே இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். அந்த நிலையில் நீங்கள் ‘மனமுவந்து’ சம்மதித்தீர்களாம். இதை எழுதிய நீதிபதிகளை ஒருநாள் டர்ன்பைக் ஓரத்தில் நிறுத்திவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நியூஜெர்சி கொஞ்சம் பரவாயில்லை. மறுக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று இந்த மாநில உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொன்னது. சந்தேகத்துக்குக் குறிப்பான காரணம் இல்லாமல் ஓட்டுநரிடம் சம்மதமே கேட்கக் கூடாது என்று 2002-ல் சேர்த்தது. நிறம் பார்த்துக் காரை நிறுத்தியதாக டர்ன்பைக் போலீஸ் பெயர் நாடெங்கும் நாறிய பிறகு வந்த தீர்ப்பு அது. ஆகவே உங்களிடம் கேட்டதே சட்டப்படி சரியா என்பது சந்தேகம். ஆனால் ஒன்றும் கிடைக்காததால், ‘இதை ஆதாரமாக ஏற்காதீர்கள்’ என்று கோர்ட்டில் விலக்கச் சொல்ல எதுவும் இல்லை. டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் போய்விட்டால் இந்த 1975 பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ‘நோ’ சொல்லக் கற்றுக்கொண்டவர்கள் அதை எல்லா இடத்திலும் சொல்லிவிடுகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்து, ஸ்டேஷனில் கருவியில் ஊதச் சொன்னால் அங்கே ‘நோ’ சொல்லாதீர்கள். நியூஜெர்சி சாலையில் வண்டி ஓட்டினாலே மூச்சுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுப்பது தனிக் குற்றம். குடிக்கவே இல்லை என்றாலும் லைசென்ஸ் விஷயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ‘வக்கீல் வரட்டும், ஊதுகிறேன்’ என்பதும் மறுப்புதான். ‘யோசிக்கிறேன்’ என்பதும் மறுப்பு. ஒன்றும் பேசாமல் நிற்பதும் மறுப்பு. கார் சோதனையில் அரைகுறைத் தலையாட்டல் ‘ஆமாம்’ ஆகிவிடுகிறது, இங்கே அரைகுறை ‘ஆமாம்’ மறுப்பாகிவிடுகிறது. ரத்தம் எடுப்பது வேறு. அதற்கு வாரண்ட் கேட்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஊத மறுத்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் 2010-ல் மாநிலத் தீர்ப்பு உண்டு. ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு ‘எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை’ என்று அதை நம்பிக் கிளம்பாதீர்கள். விசாவில் இருப்பவருக்கு இன்னொரு தலைவலி: குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும்.

பேசாமல் இருக்கும் உரிமையையும் இப்படித்தான் சிலர் இழுத்துப் பிடிக்கிறார்கள். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் காட்டித்தான் ஆக வேண்டும். பயத்தில் ‘நான் சிட்டிசன்’ என்று மட்டும் உளறிவிடாதீர்கள். அந்தப் பொய் ஒன்றே கிரீன் கார்டுக் கதவை நிரந்தரமாகச் சாத்திவிடக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இந்திய மளிகைக்கடை நோட்டீஸ் போர்டுகளில் ‘இமிகிரேஷன் உதவி, நோட்டரி’ என்று அட்டை தொங்கும். நம் ஊரில் நோட்டரி என்றால் வழக்கறிஞர், அந்த நினைப்பில் போய் உட்காருகிறோம். இங்கே நோட்டரி ஆக வக்கீல் படிப்பே தேவையில்லை. கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு இளைஞர், கடையில் பணம் கொடுக்காமல் பொருள் எடுத்த வழக்கில், அப்படி ஒரு ‘அண்ணன்’ பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார். ‘சின்ன கேஸ்தானே தம்பி, கட்டிட்டு வந்துடு’ என்றாராம். திருட்டு எவ்வளவு சின்னதானாலும் குடிவரவுச் சட்டம் அதை ஒழுக்கக்கேடான குற்றம் என்ற கணக்கில் எழுதிவிடும். ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் ஆபத்து உண்டு என்று கட்சிக்காரருக்குச் சொல்வது குற்ற வழக்கறிஞரின் கடமை என 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணனுக்கு அந்தக் கடமை இல்லை. கட்டணம் வாங்கியதற்கு ரசீதும் தரவில்லை.

உங்கள் வேக டிக்கெட் இந்த ரகம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ஆன்லைனில் பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், லைசென்ஸில் அபராதப் பாயிண்ட்டும் ஏறும். டிக்கெட்டில் போட்டிருக்கும் முனிசிபல் கோர்ட்டைத் தொடர்புகொண்டு அரசு வழக்கறிஞரிடம் பேசிப் பாருங்கள். பாயிண்ட் இல்லாத பிரிவுக்கு மாற்றித் தருவது இங்கே வழக்கம்.

உங்கள் மனைவியின் கைப்பை விஷயம்: நீங்கள் சம்மதித்தாலும், “அது என் பை, திறக்க வேண்டாம்” என்று அவர் சொல்லியிருக்கலாம். உங்கள் ‘சரி’ அவர் பைக்குச் செல்லாது.