கைவினைப் பொருளும் கடைக்காரரின் கொமிஷனும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் அக்காவும் பனையோலையில் பெட்டி, கைப்பை, விளக்கு மூடி ஆகியவற்றை இழைத்து வருகிறோம். பாசிக்குடாவில் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் பொருட்களைத் தம் கடையில் வைத்து விற்றுத் தருவதாகவும், விற்ற விலையில் 40 வீதம் தமக்கு வேண்டும் என்றும் கூறுகிறார். விற்காதவற்றைத் திருப்பித் தருவாராம். உழைப்பது நாங்கள், சும்மா வைத்திருப்பவருக்கு 40 வீதமா? எவ்வளவுக்குக் குறைத்துக் கேட்கலாம்?
— வாசகி, ஆரையம்பதி

பதில்: விற்ற பின் காசு தரும் முறையில் 30 முதல் 40 வீதம் வரை கடைக்காரர் எடுப்பது பல இடங்களிலும் உள்ள நடைமுறைதான். கையில் காசு தந்து மொத்தமாக வாங்கும் கடைக்காரர், தாம் விற்கப்போகும் விலையில் ஏறத்தாழப் பாதியைத்தான் உங்களுக்குத் தருவார். அத்துடன் ஒப்பிட்டால் 40 வீதத்தை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. கடை வாடகை, மின்சாரம், வேலையாளின் சம்பளம், வெள்ளைக்காரர் அட்டையில் பணம் செலுத்தினால் வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை எல்லாம் அந்த நாற்பதுக்குள்ளேயே அடங்குகின்றன. ஆனால் உங்கள் பைகள் வாசலுக்கு நேரே உள்ள மேசையில் இருக்கப்போகின்றனவா, படிக்கட்டுக்குக் கீழே சாக்குப் பையோடு கிடக்கப்போகின்றனவா என்பதை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காமல் எந்த வீதத்துக்கும் தலையாட்ட வேண்டாம்.

வீதத்தைப் பேசுவதற்கு முன் உங்கள் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஓலை, சாயம், உட்துணி, கைப்பிடி, பஸ் செலவு, இருவரின் கூலி எல்லாம் சேர்த்து ஒரு கைப்பைக்கு உங்கள் கைக்கு 1,800 ரூபா வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் 1,800 ரூபாவோடு அதன் 40 வீதத்தைக் கூட்டி 2,520 ரூபா என்று சிட்டை ஒட்டிவிடுகிறார்கள். கடைக்காரர் தம் 40 வீதத்தை 2,520 ரூபாவிலிருந்து எடுப்பார். அது 1,008 ரூபா. உங்களுக்கு மிஞ்சுவது 1,512 ரூபா மட்டுமே. சரியான வழி, 1,800ஐ 60 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குவது. விலை 3,000 ரூபா என்று வரும். அந்த விலைக்குப் பாசிக்குடாவில் அந்தப் பை போகுமா என்பதுதான் அடுத்த கேள்வி. போகாது என்று தோன்றினால் அந்தப் பையைக் கடைக்குக் கொடுக்காமல், விலை தாங்கக்கூடிய விளக்கு மூடியைக் கொடுப்பதே புத்தி.

இனிப் பேரம். 40ஐ 35 ஆக்கினால் 3,000 ரூபாப் பையில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 150 ரூபா. அதற்காக மல்லுக்கட்டுவதைவிட, உங்களைக் கேளாமல் கடைக்காரர் விலையைக் குறைத்து விற்கக்கூடாது என்ற ஒன்றை வாங்கிக்கொள்வது பெரிது. ஏனெனில், சுற்றுலாப் பயணி பேரம் பேசுகிறார் என்று கடைக்காரர் 20 வீதம் தள்ளுபடி கொடுத்தால் பை 2,400 ரூபாவுக்குப் போகும். அதில் அவரது பங்கு 960 ரூபா, உங்களுடையது 1,440 ரூபா. ஒரே வார்த்தையில் 360 ரூபா போய்விட்டது. தள்ளுபடி கொடுப்பதாயின் அது அவருடைய பங்கிலிருந்தே போக வேண்டும், அல்லது 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் குறித்த ஒரு தேதியில் கணக்குத் தீர்ப்பார் என்ற உறுதியும் அவ்வாறே பெறுமதியானது. இந்த இரண்டுக்கும் அவர் இணங்கினால், அவர் கேட்கும் நாற்பதை ஒரு பருவத்துக்கு ஏற்றுக்கொண்டு, நன்றாக விற்றால் அடுத்த பருவத்தில் 35க்குப் பேசலாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கடையில் 3,000 ரூபாவுக்கு இருக்கும் பையை வீட்டுக்கு வருபவருக்கு 1,800 ரூபாவுக்குக் கொடுத்தால், அந்தக் கடைக்காரர் அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார்.

கேள்வி: எங்களுடையது கைத்தறிக் குடும்பம். கொழும்பில் ஒரு கடை எங்கள் சேலைகளை 35 வீதக் கொமிஷனில் வைக்கக் கேட்கிறது. ஆனால் வேறெந்தக் கடைக்கும் கொடுக்கக்கூடாதாம். சம்மதிக்கலாமா?
— வாசகர், மருதமுனை

பதில்: இந்த நிபந்தனையோடு சம்மதிக்க வேண்டாம். சேலை என்பது ஓலைப்பெட்டி அல்ல. நூலுக்கும் சாயத்துக்கும் முன்கூட்டியே காசு போட்டு, நாட்கணக்கில் தறியில் இருந்து எடுத்த பொருள் மாதக்கணக்கில் அடுத்தவர் அலமாரியில் மடிந்து கிடந்தால் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியாது. உங்களுக்கு மட்டும் தருகிறோம் என்று சொல்வதற்கு ஒரு விலை உண்டு. மாதம் இத்தனை சேலையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார், அல்லது நூலுக்கு முற்பணம் தருவார் என்றால், கொழும்புக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எல்லை வைத்து இணங்கலாம். மருதமுனை என்ற பெயரைச் சேலையின் சிட்டையில் விட்டுவைக்க வேண்டும் என்றும் கேளுங்கள்; அந்தப் பெயருக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அறுகம்பையில் உள்ள ஒரு கடையில் பருவகாலத்துக்காகப் பன் என்னும் புல்லில் இழைத்த பாய்களும் சிறு பைகளும் கொடுத்திருந்தோம். ஐப்பசியில் திருப்பி எடுத்தபோது சில பாய்களில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மூன்று பைகளைக் காணவில்லை. உங்கள் சாமான், உங்கள் நட்டம் என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?
— வாசகி, பொத்துவில்

பதில்: வருத்தமாக இருந்தாலும், அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவிடத்து, பொருளின் நட்டம் பொதுவாக அதன் உரிமையாளரையே சாரும். விற்கும் வரை உரிமை உங்களிடமே இருக்கிறது. மறு பாதி உங்கள் பக்கம். பிறர் பொருளைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர் அதைக் கவனமாகக் காக்கக் கடமைப்பட்டவர். மழைச்சாரல் அடிக்கும் சுவரோரம் பாயை அடுக்கியிருந்தால் அது அவருடைய கவனக்குறைவு. காணாமற்போன மூன்று பைகளும் விற்கப்பட்டனவா, களவு போயினவா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்; சொல்ல முடியாவிட்டால் அவற்றின் உங்கள் பங்கைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்த பருவத்துக்கு, கடையில் இருக்கும்போது காணாமற்போகும் பொருளுக்கும் பழுதாகும் பொருளுக்கும் உங்கள் பங்கை அவர் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அங்கு சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவது மே முதல் செப்டெம்பர் வரையாகையால், மாரி தொடங்கும் வரை காத்திராமல் செப்டெம்பர் முடியும்போதே மீதியை எடுத்துவிடுவது நல்லது. ஈரம் பட்ட பன்னில் பூஞ்சணம் ஏறினால் எந்த வெயிலிலும் அந்தக் கறை முழுதாகப் போகாது.

கேள்வி: கடை முதலாளி என் கணவருக்கு மாமா முறை. நான்கு மாதமாகக் காசு வரவில்லை. எழுத்தில் கேட்டால் மனம் கோணுவார். என்ன செய்வது?
— வாசகி, கல்லடி

பதில்: முதலில் புதுச் சாமான் கொடுப்பதை நிறுத்துங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கை ஓயவில்லை என்றால் போதும். பிறகு ஒரு கொப்பியோடு போய், “மாமா, சாமான் கூடிப்போச்சு, எனக்கே கணக்குப் பிடிபடவில்லை, ஒருக்கால் சேர்ந்து எண்ணிப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். குறை உங்கள் மறதியில் இருப்பதாகச் சொன்னால் எழுதுவதற்கு அவர் மறுக்கமாட்டார். கொடுத்த தேதி, பொருள், எண்ணிக்கை, விலை, விற்றது, மீதி என்று கோடு போட்டு, கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதி, இரண்டிலும் அவர் கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் காசு வராவிட்டால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி தேவையில்லை, உறவை அறுக்காமல் பேசித் தீர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. போகும்போது அந்தக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள்.