பழைய ஆட்டம், புதுப் பெடியன்

கேள்வி: செஸ் பழகும் என் மகன், போல் மோர்ஃபி (Paul Morphy) என்ற அந்தக்கால ஆட்டக்காரரின் ஆட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 1800களின் ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? - ஒரு தாய், கொக்குவில்

பதில்: பார்க்க விடுங்கோ அம்மா. 1837இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் பிறந்த மோர்ஃபி, 1858இல் ஐரோப்பா போய், பெரிய ஆட்டக்காரரான அண்டர்சனை 7 வெற்றி, 2 தோல்வி, 2 சமன் என்று மடக்கியபோது வயது 21தான். அதே வருடம் பாரிஸ் ஒப்பரா அரங்கில் இரண்டு பிரபுக்கள் சேர்ந்து யோசித்து எதிர்த்தாடியும், காய்களை மளமளவென்று வெளியே கொண்டுவந்து, 16ஆம் நகர்த்தலில் ராணியையே பலிகொடுத்து, 17இல் கோட்டைக் காயால் கதையை முடித்துவிட்டார். ராணிப் பலியைத்தான் எல்லோரும் பேசுவார்கள், எனக்கென்றால் அதற்கு முந்திய நகர்த்தல்கள்தான் பிடிக்கும். மகனை முதலில் அந்த ஒப்பரா ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கோ. அப்புறம் மோர்ஃபி போட்டிகளை விட்டுவிட்டு வக்கீல் வேலைக்கு முயன்றார், அது சரிவரவில்லை. 1884இல், 47 வயதில் இறந்தார்.