மக்காச்சோளக் கொட்டகையில் எலிப் புழுக்கை: கூட்டிப் பெருக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினேன். பக்கத்து நிலங்கள் தரிசாகிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கதிர் குவித்த கொட்டகை முழுக்க எலிப் புழுக்கை. எலியால் வைரஸ் காய்ச்சல் வரும் என்கிறார்களே, கொட்டகையைப் பெருக்கி எல்லா வளையிலும் மருந்து வைத்துவிடலாமா?

பதில்: முதலில் விளக்குமாற்றைக் கீழே வையுங்கள். ஹான்டா போன்ற வைரஸ்கள் எலியின் சிறுநீர், புழுக்கை, உமிழ்நீர் வழியாக வெளியேறி, அவை காய்ந்து தூசியாகும்போது மூச்சோடு மனிதருக்குள் செல்கின்றன. ஆகவே கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பிளீச்சிங் கரைசலைத் தெளித்துத் தரையை ஊறவைத்தபின் பழந்துணியால் துடைத்தெடுங்கள். கதிரில் கரைசல் படக்கூடாது. உதறாமல் அள்ளிக் களத்தில் காயவையுங்கள். எலி கடித்த கதிரை மாட்டுக்குப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

தங்கள் அச்சத்துக்கு நெருங்கிய முன்னுதாரணம் அர்ஜென்டினாவில் உண்டு. அங்குள்ள பாம்பாஸ் புல்வெளியை உழுது மக்காச்சோளமும் பிற தானியங்களும் பயிரிட்ட பகுதிகளில், வேலியோரக் களையிலும் பயிருக்குள்ளும் ஒருவகைச் சுண்டெலி பெருகியது. அது சுமந்த ஜூனின் வைரஸ் 1958-இல் பிரித்தறியப்பட்டது. அறுவடைக் காலத்தில் அது உண்டாக்கிய காய்ச்சல் உச்சத்தை எட்டியது. படுத்தவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்த ஆண்கள். சிகிச்சையின்றி நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இறந்தனர். பின்னர் தடுப்பூசி வந்தது.

அந்த வைரஸ் நம் ஊரில் இல்லை. தமிழ்நாட்டில் எலி பிடிக்கும் இருளர்களின் இரத்தத்தில் ஹான்டா எதிர்ப்புப் புரதங்கள் கண்டறியப்பட்டுள்ளன என்பது உண்மைதான். என்றாலும் தங்களைப் போன்றோர் அதிகம் அஞ்ச வேண்டியது லெப்டோஸ்பைரா எனும் பாக்டீரியாவால் வரும் எலிக்காய்ச்சலைத்தான்; எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து அது காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடலுக்குள் செல்லும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், எலி நடமாடிய இடத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும்.

எல்லா வளையிலும் மருந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கள் வயலில் எலி செத்தால், அந்த இடத்துக்குத் தரிசிலிருந்து வேறு எலி வந்துவிடும். தரிசுக்கும் வயலுக்கும் இடையே ஒரு பட்டையைச் செதுக்கிச் சுத்தமாக வையுங்கள். அகன்ற வரப்பைக் குறுக்குங்கள். கதிரை மூன்றடி உயரக் கால்கள் கொண்ட பரணில் ஏற்றி, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த கூம்புபோல் தகரம் மாட்டுங்கள். அதன் பின்னும் எலி இருந்தால், மாலையில் வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருக்கும் வளைகளில் மட்டும் புரோமடியலோன் என்ற எலி மருந்துக் கட்டியை உள்ளே தள்ளி மூடுங்கள்.